ஜெர்சி சிட்டியில் மூன்று குடித்தன வீடு: ஏஜென்ட் கணக்கும் என் கணக்கும்

கேள்வி இது: "நானும் மனைவியும் மென்பொருள் வேலையில் இருக்கிறோம், எச்1பி விசா. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் மூன்று குடித்தன வீடு ஒன்று 7.5 லட்சம் டாலருக்கு வருகிறது. இரண்டு போர்ஷனில் பல வருடமாக ஆட்கள் இருக்கிறார்கள், ஆளுக்கு 1,900 தருகிறார்கள். மூன்றாவது காலி. ஏரியா வேகமாக மாறுகிறது, ஒவ்வொன்றும் 2,400 போகும், மாதம் 1,900 டாலருக்கு மேல் கையில் நிற்கும் என்கிறார் ஏஜென்ட். மூன்றையும் வாடகைக்கு விட எண்ணம். வாங்கலாமா?"

இந்த விலைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் ஏஜென்ட் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் குடியிருக்கப் போவதில்லை என்றால் இரண்டு முதல் நான்கு குடித்தன வீட்டுக்குச் சாதாரண வங்கிக் கடனில் 25 சதவீதம் கைக்காசு போட வேண்டும். அதாவது 1,87,500 டாலர். பதிவுச் செலவு, வக்கீல் செலவு எல்லாம் தனி. மீதி 5,62,500 கடன். வட்டி 7 சதவீதம், 30 வருடம் என்று வைத்தால் தவணை சுமார் 3,742. சொத்து வரி வருடத்துக்கு 14,000, இன்சூரன்ஸ் 4,200 என்று வைத்துக்கொள்கிறேன் (உங்கள் வீட்டின் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்). மாதக் கணக்கில் எல்லாம் சேர்ந்து 5,259. மூன்று போர்ஷனுக்கு 7,200 வாடகை வந்தால் மிச்சம் 1,941. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. கூட்டல் கழித்தல் சரிதான். சில வரிகளை எழுதாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

விட்டுப்போனவை இவை. வருடத்தில் சில வாரமாவது ஏதோ ஒரு போர்ஷன் காலியாகக் கிடக்கும். அதற்கு 5 சதவீதம், 360. இந்த மாதிரி வீடு பெரும்பாலும் நூறு வயசான மர வீடாக இருக்கும். கூரை, பாய்லர், படிக்கட்டு என்று ஏதாவது ஒன்று வாய் பிளந்துகொண்டே இருக்கும். அதற்கு 10 சதவீதம், 720. நிர்வாகத்துக்கு 8 சதவீதம், 576. நானே பார்த்துக்கொள்வேன் என்பீர்கள். ராத்திரி 11 மணிக்கு மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் சொட்டும்போது நீங்கள் ஓடுவதும் கூலி உள்ள வேலைதான், கூலியை உங்களுக்கே கொடுக்கிறீர்கள். அப்புறம் தண்ணீர், கழிவுநீர், பொது விளக்கு: 300. இவற்றைக் கழித்தால் 7,200-ல் 5,244 மிஞ்சுகிறது. கட்ட வேண்டியது 5,259. மாதம் 15 டாலர் கைநஷ்டம்.

இதுவும் 7,200 வந்தால்தான். இன்று வருவது இரண்டு 1,900-மும், காலியாக இருக்கும் போர்ஷன் நிரம்பினால் ஒரு 2,400-மும், மொத்தம் 6,200. அதே விகிதத்தில் கழித்தால் 4,474 நிற்கும். மாதாமாதம் 785 டாலர் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், வருடத்துக்கு 9,420.

இன்னொரு கோணத்தில் பாருங்கள். 7,200 வந்தாலும் கடன் தவணை தவிர்த்த வருட நிகர வருமானம் 44,724 தான். விலையில் இது ஏறக்குறைய 6 சதவீதம். நீங்கள் 7 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 6 சதவீதம் தரும் பொருளை வாங்குகிறீர்கள். கடன் கூடக் கூட லாபம் கூடும் என்று சொல்வார்களே, இங்கே அது தலைகீழ். பிறகு ஏன் ஜனங்கள் வாங்குகிறார்கள்? ஏரியா மாறும், வாடகையும் விலையும் ஏறும் என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை வீண் என்று நான் சொல்லவில்லை. பாத் ரயிலில் கொஞ்ச நேரத்தில் மன்ஹாட்டன் போய்விடலாம், ஜர்னல் ஸ்கொயரைச் சுற்றிக் கோபுரம் கோபுரமாக எழும்புகிறது, நம் ஆட்கள் கடைத்தெருவும் பக்கத்தில். ஆனால் ஏரியா மாறும்போது அந்த மாற்றம் உங்கள் வாசலில் எந்த வரிசையில் வந்து நிற்கும் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் வருவது வரி. அடுத்தது இன்சூரன்ஸ். வாடகை கடைசியாகத்தான் வரும், அதுவும் பழைய குடித்தனக்காரர் இருக்கும்வரை மெதுவாக.

வரி விஷயத்தில் ஜெர்சி சிட்டியே நல்ல பாடம். 1988-க்குப் பிறகு 30 வருடம் அங்கே வீடுகளின் மதிப்பைத் திருத்தவே இல்லை. 2018-ல் ஒரே மூச்சில் திருத்தினார்கள். அதற்குள் டவுன்டவுன் பக்கம் விலை எங்கோ போயிருந்தது, வரி மட்டும் பழைய கணக்கில் நின்றிருந்தது. திருத்தம் வந்ததும் அங்கே பலருக்கு வரி தாறுமாறாக ஏறியது. தெற்கே கிரீன்வில் பக்கம் நிறையப் பேருக்கு இறங்கியது. ஏரியா முன்னேறியது என்பதன் கணக்குச் சீட்டு அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதே 2018-ல் மாநில அரசு பள்ளிகளுக்கான நிதிப் பங்கீட்டை மாற்றியது. ஜெர்சி சிட்டிக்கு வந்துகொண்டிருந்த தொகை வருடாவருடம் குறைந்தது, அந்தக் குழியை உள்ளூர்ப் பள்ளி வரி நிரப்ப வேண்டி வந்தது. இத்தனை கோபுரம் கட்டுகிறார்களே, அவர்கள் வரி கட்டினால் நம் பாரம் குறையாதா என்று கேட்பீர்கள். அந்தக் கோபுரங்களில் பலவும் நகராட்சியோடு தனி ஒப்பந்தம் போட்டு, வழக்கமான வரிக்குப் பதில் ஒரு தொகை கட்டுகின்றன. அந்தத் தொகையில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் கவுன்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி); பள்ளிக்கு நேரடிப் பங்கு இல்லை. பள்ளிச் செலவு உங்களைப் போன்ற சின்ன வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

ஒரு ஆறுதல்: விற்பனை நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு வீட்டின் வரி மதிப்பைத் தனியாக ஏற்ற நியூ ஜெர்சியில் முடியாது. கலிஃபோர்னியாவில் விற்பனை நடந்தாலே மறுமதிப்பீடு. அங்கே விற்பவர் கட்டும் வரியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் ஏமாந்தார். இங்கே ஆபத்து வேறு. நகராட்சியில் பர்மிட் எடுத்துச் சமையலறை, குளியலறை எல்லாம் புதுசாக்கினால் கூடுதல் மதிப்பீடு வரும். பர்மிட் எடுக்காமல் செய்தாலோ, விற்கும்போது அது வந்து நிற்கும்.

சரி, குடித்தனக்காரர்களுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்தியது இதுதான். "1,900 தருகிறார்கள், 2,400 ஆக்கிவிடலாம்" என்று ஏஜென்ட் சொல்வதற்குள் ஒரு குடும்பத்தை வெளியே அனுப்புவது ஒளிந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் 1974-லிருந்து குடித்தனக்காரரைக் காக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. லீஸ் முடிந்துவிட்டது, காலி பண்ணுங்கள் என்று இங்கே சொல்ல முடியாது. சட்டத்தில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும்: வாடகை தராதது, வீட்டை நாசம் செய்வது, இப்படி. ஜெர்சி சிட்டியின் வாடகைக் கட்டுப்பாடு நான்கு குடித்தனம் வரை உள்ள வீட்டுக்குப் பொருந்தாது, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும் காதில் விழும். பாதிதான் உண்மை. அளவுக்கு மீறிய, மனசாட்சிக்கு ஒவ்வாத உயர்வைக் கட்ட மறுத்தவரைக் காலி செய்ய நீதிபதி ஒப்பமாட்டார். மாநிலச் சட்டத்திலேயே அது இருக்கிறது. பக்கத்து ஹோபோக்கனுக்குப் போனால் கதையே வேறு. அங்கே பழைய சின்ன வீடுகளுக்கும் வாடகைக் கட்டுப்பாடு உண்டு, சட்டப்படி வாங்கக்கூடிய வாடகை எவ்வளவு என்று நகராட்சியில் கேட்டு வாங்காமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. தெரு தாண்டினால் சட்டம் மாறும் ஊர் இது. அயலூர் நண்பர் சொன்னதை நம்பி இறங்க வேண்டாம்.

அந்த 1974 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்து, வாடகைப் போர்ஷன் இரண்டுக்கு மேல் போகாவிட்டால், அந்தப் பாதுகாப்பு குடித்தனக்காரருக்குக் கிடையாது. மூன்று குடித்தன வீட்டில் நீங்கள் ஒன்றில் இருந்தால் மற்ற இரண்டும் விலக்கில் வரும். இரண்டு வருடம் கழித்துப் புறநகரில் தனி வீடு வாங்கிப் போனால் அந்த விலக்கும் உங்களோடு கிளம்பிவிடும். அதனால்தான் நான் இப்படி வீடு தேடி வருகிற எல்லோரிடமும் ஒன்று சொல்வேன்: முதல் வருடம் நீங்களே ஒரு போர்ஷனில் இருந்து பாருங்கள். பாய்லர் எப்போது இருமும், எந்தச் சுவரில் எலி ஓடும், மேல்வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், எல்லாம் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். சட்டத்தைக் காட்டி ஆளை விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நேரத்துக்கு வாடகை தந்து, தண்ணீர் ஒழுகினால் முதல் நாளே சொல்லும் பழைய குடித்தனக்காரர் மாதம் 500 குறைவாகத் தந்தாலும் என் கணக்கில் லாபம்தான். அவரைக் கிளப்பினால் ஒரு மாதம் காலி, பெயின்ட், புது ஆளுக்கு ஏஜென்ட் கமிஷன், அவர் எப்படி இருப்பாரோ என்ற பயம். இதையெல்லாம் யாரும் எக்செல்லில் எழுதுவதில்லை.

குடியிருந்தால் கடனும் மாறும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, 2023 நவம்பரிலிருந்து தான் குடியிருக்கும் இரண்டு முதல் நான்கு குடித்தன வீட்டுக்கு 5 சதவீதம் கைக்காசு போட்டாலே கடன் கிடைக்கலாம். எச்1பி இருப்பவருக்கும் அதில் வழி உண்டு. மத்திய அரசு உத்தரவாதம் தரும் எஃப்எச்ஏ கடனில் 3.5 சதவீதம் போதும் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2025 மே 25 முதல் அது நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கிடையாது, ஆகவே உங்களுக்கு இல்லை. ஆனாலும் எஃப்எச்ஏ மூன்று, நான்கு குடித்தன வீட்டுக்கு வைக்கும் ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். நீங்கள் இருக்கப்போகும் போர்ஷனையும் சேர்த்து மொத்த வாடகையில் 75 சதவீதம், தவணை, வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு 7,200 என்றே வைத்தாலும் 75 சதவீதம் 5,400. 3.5 சதவீதம் போட்டு வாங்கினால் கட்ட வேண்டியது 6,300-ஐத் தாண்டும். பக்கத்தில்கூட வரவில்லை. அரசாங்கமே இந்த வீடு தன் காலில் நிற்காது என்று சொல்கிறது, ஏஜென்ட் நிற்கும் என்கிறார்.

ஒரு எச்சரிக்கை. குடியிருப்பேன் என்று எழுதிக் கொடுத்துக் குறைந்த கைக்காசில் கடன் வாங்கிவிட்டு, மூன்றையும் வாடகைக்கு விடுவது இங்கே சிலர் செய்யும் வேலை. அது கடன் மோசடி. விசாவில் இருப்பவர் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

அடுத்தது வீடு. இதில் நான் பட்ட அடி ஒன்று. முதன்முதலில் வாங்கிய இரண்டு குடித்தன வீட்டில் பேஸ்மென்ட்டில் ஒரு குடும்பம் இருந்தது, 1,100 டாலர் வாடகை. விற்றவர் அதையும் வருமானத்தில் சேர்த்துக் காட்டினார், நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். நகராட்சிப் பதிவில் அது இரண்டு குடித்தன வீடு. பேஸ்மென்ட்டில் யாரும் குடியிருக்கவே கூடாது. சில மாதத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். சட்டவிரோதப் போர்ஷனிலிருந்து வெளியேற்றப்படுபவருக்கு உரிமையாளர் ஆறு மாத வாடகை தர வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். 6,600 டாலர் எழுதிக் கொடுத்தேன், வருமானமும் போயிற்று. கோபம் வந்தது. ஆனால் 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையில் நியூயார்க்கில் பேஸ்மென்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் இறந்தபோது, அந்தக் குடும்பம் அன்று அங்கே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் பார்க்கும் வீடு நகராட்சிப் பதிவில் உண்மையிலேயே மூன்று குடித்தனம்தானா என்று முதலில் பாருங்கள். மூன்றிலிருந்து மாநில அரசின் பதிவும் அவ்வப்போது பரிசோதனையும் உண்டு. அந்தச் சான்றிதழுக்கு இங்கே வழக்கில் இருக்கும் பெயர் "க்ரீன் கார்டு". உங்களுக்கு முன்னால் வீட்டுக்குக் கிடைத்துவிடும்!

இன்ஸ்பெக்‌ஷனில் சாதாரண ஆள் பார்க்காமல் விடும் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மண்ணுக்குள் புதைந்த பழைய எண்ணெய்த் தொட்டி. இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் நிறைய வீடுகள் எண்ணெயில்தான் சூடேற்றின. தொட்டி கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யப் பல பத்தாயிரம் ஆகலாம், வீட்டு இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைவிரித்துவிடும். தனியாக ஆள் வைத்துத் தேடச் சொல்லுங்கள். இரண்டு, வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாய். உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். 1978-க்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயின்ட் விஷயமும் உண்டு. வாடகை வீடுகளுக்கு ஈயப் பரிசோதனையை 2022-லிருந்து மாநிலம் கட்டாயமாக்கியிருக்கிறது, விற்பவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். சூடேற்றும் செலவு யாருடையது என்பதையும் பாருங்கள். ஒரே பாய்லர் மூன்று போர்ஷனுக்கும் ஓடினால் ஜனவரி பில் உங்களுடையது.

ஏரியா உண்மையில் மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காபிக் கடையை எண்ணாதீர்கள், அது வரும் போகும். அந்தத் தெருவில் பல வருடமாக இருப்பவர்கள் தங்கள் காசில் கூரை மாற்றுகிறார்களா, முன்படி கட்டுகிறார்களா என்று நடந்து பாருங்கள். நகராட்சி இணையதளத்தில் பர்மிட்டுகளையும் திட்டக்குழுக் கூட்ட நிகழ்ச்சிநிரலையும் படியுங்கள். பக்கத்தில் 500 புது அடுக்ககம் திறந்தால் விலை ஏறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்கள் முதல் வருடம் இரண்டு மாத வாடகை இலவசம் என்று அறிவித்தால் உங்கள் 2,400-க்கு ஆள் வராது என்பதும் உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி 10 மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து அந்த வீடு வரை உங்கள் மனைவியோடு நடந்து பாருங்கள். வாடகைக்கு வருபவர் அந்த நடையைத்தான் பார்ப்பார்.

வருமான வரியில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கட்டட மதிப்பை 27.5 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம், நிலத்தைக் கழிக்க முடியாது. ஆனால் வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கும் 25,000 டாலர் சலுகை, வருமானம் ஒரு லட்சம் தாண்டியதும் குறைய ஆரம்பித்து ஒன்றரை லட்சத்தில் மறைந்துவிடும். இருவர் மென்பொருள் சம்பளத்தில் அது உங்களுக்கு இருக்காது. நஷ்டம் அடுத்த வருடங்களுக்கு நகர்ந்துகொண்டே போகும். விசா முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு விற்றால், வெளிநாட்டவர் விற்பனை என்று வாங்குபவர் பெரும்பாலும் விற்ற விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். பின்னால் கணக்குக் காட்டித் திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வீட்டைச் சொந்தமாக வைத்து வாடகை வாங்க எச்1பி தடையில்லை. நீங்களே முழுநேரம் போலப் பெயின்ட் அடித்து, ஆள் பிடித்து நடத்துவது வேறு விஷயம். அதை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வாடகை விளம்பரத்தில் "இந்தியர்களுக்கு மட்டும்" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சர்வசாதாரணமாகப் போடுகிறார்கள். 1968-லிருந்து சட்டப்படி தவறு அது.

விலைக்கு வருவோம். இன்றைய 6,200 வாடகையில் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமானால் 25 சதவீதம் போட்டு வாங்கும் விலை சுமார் 5.9 லட்சமாக இருக்க வேண்டும். விற்பவர் சிரிப்பார், தெரியும். 5.9-க்கும் 7.5-க்கும் நடுவே இருப்பது ஏரியா மாறும் என்பதற்கு நீங்கள் முன்கூட்டியே கட்டும் விலை. அதை விற்பவர் இப்போதே வாங்கிக்கொண்டு போகிறார், மாறாவிட்டால் உங்களுக்குத் திரும்ப வராது. 6.6 லட்சம் வரை இறங்கி வந்து, நீங்கள் முதல் வருடம் ஒரு போர்ஷனில் குடியிருக்கவும் தயார், பிறகு மூன்றையும் வாடகைக்கு விட்டும் மாதம் சில நூறு டாலர் ஐந்தாறு வருடம் கையிலிருந்து போனாலும் தூக்கம் கெடாது என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். வேலை போனால் 60 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கலாம் என்ற நிலையில், ஆறு மாதச் செலவாவது தனியாகக் கையில் வைத்துக்கொண்டுதான்.

எப்படியானாலும் ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இங்கே மூன்று வேலை நாள் வக்கீல் பார்வைக்கு உண்டு, அதற்குள் காரணம் சொல்லாமலே வக்கீல் மூலம் ரத்து செய்யலாம். அந்த மூன்று நாளில் வக்கீல் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்க வேண்டும். குடித்தனக்காரர் இருவரும் தாங்களே கையெழுத்திட்டு, வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, வீட்டுக்காரரோடு வேறு வாய்மொழி ஏற்பாடு எதுவும் இல்லை என்று தரும் சான்று ஒன்று. எஸ்டாப்பல் சர்டிபிகேட் என்பார்கள். அந்த அட்வான்ஸ் பணம் வட்டியோடு உங்கள் பெயருக்கு மாறும் ஏற்பாடு இன்னொன்று. விற்பவர் கொடுக்காமல் போனாலும் குடித்தனக்காரருக்குத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள்தான். லீஸ் நகல்களும் வரி பில்லும் கைக்கு வந்ததும் உண்மையான எண்களைப் போட்டு எழுதுங்கள், மறுபடி கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.